விருந்து என்பது சோறா, ஆளா?

தை மாதம் உங்களுக்குக் கல்யாணம். அப்பா 800 பேருக்கு இலை போட வேண்டும் என்கிறார், கடன் வாங்கவும் தயாராக இருக்கிறார். நீங்கள் 150 பேரோடு முடித்துக்கொண்டு மிச்சப் பணத்தை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறீர்கள். "ஊரைக் கூட்டிச் சோறு போடாத கல்யாணம் ஒரு கல்யாணமா?" என்று அவர் கோபப்பட, "விருந்துக்கு அப்படி என்னதான் அர்த்தம்? வயிறு நிறைவதா, பெருமையா?" என்று இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். நீங்கள் செலவுக் கணக்குக் கேட்பதாகத் தோன்றவில்லை. விருந்தைச் சின்னதாக்கினால் அதிலிருந்து ஏதாவது போய்விடுமா, போகும் என்றால் அது எது என்று கேட்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மேற்கு மாம்பலத்தில் இருந்துகொண்டு 34 வருஷம் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்தவன் நான். அப்பாவுக்கும் அதே தொழில். அவர் கொத்தவால் சாவடியில் காய்கறி வாங்கிய காலத்தில் கூடவே போய் மூட்டை தூக்கியிருக்கிறேன். 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது பொறுப்பு என் கைக்கு வந்திருந்தது. நடுவில் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தேன். ஆகவே இந்தச் சொல்லை ஏட்டிலும் பார்த்திருக்கிறேன், இலையிலும் பார்த்திருக்கிறேன். ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் நின்றது சைவ அடுப்பில். பாய் வீட்டுக் கல்யாணத் தேக்சாவும் கிடாவெட்டுப் பந்தியும் எனக்குச் சாப்பிடப் போனவனாகத்தான் பழக்கம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. விருந்து என்றால் பழைய தமிழில் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியலில் புதிதாகப் பாடப்படும் ஒரு வகைச் செய்யுளுக்கே விருந்து என்றுதான் பெயர். அந்தப் புதுமை, வாசலில் புதிதாக வந்து நிற்கிற ஆளுக்குப் பெயரானது. குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள், அங்கே விருந்து என்றால் ஆள்தான். "விருந்து புறத்ததாத் தானுண்டல்" என்றால் வந்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே தான் மட்டும் சாப்பிடுவது. சாவா மருந்தே கிடைத்தாலும் அப்படிச் சாப்பிட வேண்டாம் என்கிறார் வள்ளுவர். "செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்" என்பது, சாப்பிட்டுக் கிளம்புகிறவரைக் கவனித்து அனுப்பிவிட்டு அடுத்து யார் வருவார் என்று வாசலைப் பார்த்திருப்பவன். சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன் பிரிந்திருந்த நாட்களில் தன் கையைவிட்டுப் போனவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி "விருந்தெதிர் கோடலும் இழந்த என்னை" என்று முடிக்கிறாள். புருஷன் இல்லாத வீட்டில் வந்தவரை எதிர்கொண்டு "வாங்க" என்று சொல்லும் பாக்கியம் போய்விட்டதே என்பது அவள் துக்கம். பிற்பாடுதான் ஆளுக்கு இருந்த பெயர் அவர் முன்னால் வைத்த சோற்றுக்கு வந்தது. இன்றைக்கு விருந்து என்றதும் வடையும் பாயசமும் கண்ணில் வருகின்றன. ஆளைச் சொல்ல விருந்தாளி என்று தனியாக ஒரு சொல் தேவைப்படுகிறது.

அந்தக் காலத்தில் எல்லாமே அன்பால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். சோறு போட்டு ஆளைக் கட்டிப்போடுவதும் உண்டு. போருக்குப் புறப்படும் முன் அரசன் படைக்குப் போடுவது பெருஞ்சோறு. அதற்கென்றே பெருஞ்சோற்று நிலை என்று ஒரு துறையை இலக்கணம் வகுத்திருக்கிறது. நாளைக்கு உயிரைக் கொடுக்கப் போகிறவனுக்கு இன்றைக்கு அரசன் கையால் ஓர் உருண்டை. செஞ்சோற்றுக் கடன் என்று இன்றும் நாம் பேசுவது இந்த மாதிரிக் கட்டைத்தான். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் தங்கியிருந்த பொருநன் என்ற கலைஞன், இரவும் பகலும் ஊன் தின்று கொல்லையை உழுத கலப்பைக் கொழுவைப் போலப் பல்லெல்லாம் மழுங்கிவிட்டது என்கிறான். தமிழர் விருந்து என்றாலே சைவம்தான் என்று என்னிடமே வாதம் செய்தவர்கள் உண்டு, அவர்களுக்கு இந்த அடியைச் சொல்லியிருக்கிறேன். அதே பாட்டில், பொருநன் விடைபெற்றுக் கிளம்பும்போது கரிகாலன் அவன் பின்னால் ஏழடி நடந்து வருகிறான். எத்தனை கல்யாண மண்டபத்தில் யாராவது வாசல்வரைகூட வராமல் ஆட்கள் பையை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்! அப்போதெல்லாம் இந்த ஏழடி ஞாபகம் வரும்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் "எப்போ கல்யாணம்?" என்று மட்டுமா கேட்கிறார்கள்? "எப்போ கல்யாணச் சாப்பாடு போடப் போறே?" என்றுதானே கேட்கிறார்கள். சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் பல குடும்பங்கள் கை நனைப்பதில்லை. பேச்சு முறிந்த வீட்டிலும் கை நனைக்க மாட்டார்கள். பங்காளிச் சண்டை தீர்ந்தது என்பதற்கு அடையாளம், ஒருத்தர் வீட்டில் இன்னொருத்தர் உட்கார்ந்து சாப்பிட்டது. அதாவது சாப்பிட்டவர் சாட்சி. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் நடக்கும் மொய் விருந்தில் இது வெட்டவெளிச்சமாகத் தெரியும். ஒரு குடும்பம் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்டு ஆட்டுக்கறிச் சோறு போடும். வந்தவர்கள் வைக்கிற மொய் நோட்டில் ஏறும், அவர்கள் முறை வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும், வட்டி கிடையாது. சோற்றை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று இதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கைமுதல் இல்லாதவனை ஊர் சேர்ந்து தூக்கிவிடுகிறது, அதற்கு ஒரு பந்தி சாட்சி நிற்கிறது. உங்கள் அப்பா 30 வருஷமாக எத்தனையோ வீட்டில் கை நனைத்திருப்பார். தன் வீட்டில் ஒரு நாள் அவர்கள் எல்லோரும் கை நனைக்க வேண்டும் என்று நினைக்கிறார். இதைப் பெருமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பட்ட கடனை அடைக்க நினைப்பவரின் மனம் அது.

ஆனால் அந்தச் சாட்சி 800 பேராக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இந்த இடத்தில் நம் மயிலாப்பூர்ப் பாட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கபாலீச்சரத்தில் பாடிய பூம்பாவைப் பதிகம். பாம்பு கடித்து இறந்துபோன பெண்ணைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பாட்டிலும் மயிலையின் ஒவ்வொரு கொண்டாட்டத்தைச் சொல்லி, இதைப் பார்க்காமலா போகிறாய் என்று கேட்கிறார். முதல் பாட்டிலேயே வருவது "அட்டிட்டல் காணாதே போதியோ பூம்பாவாய்". அடுதல் சமைப்பது, இடுதல் பரிமாறுவது. அடியார்களுக்குச் சமைத்துப் பரிமாறுவதைக் காணாமல் போவாயோ என்று அர்த்தம். அடுத்த பாட்டில் ஐப்பசி ஓணத்தில் தவசிகள் சாப்பிடுவதைச் சொல்கிறார். தைப்பூசத்துக்கு "நெய்ப்பூசும் ஒண்புழுக்கல்", நெய் பூசிய சோறு. சாம்பலிலிருந்து அவள் எழுந்து வந்தாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை, அதை வாதாட நான் வரவில்லை. என் கண் போவது ஒரு சொல்லில். அவர் "உண்ணாதே போதியோ" என்று கேட்கவில்லை, "காணாதே போதியோ" என்கிறார். மற்றவர்கள் சாப்பிடுவதை நின்று பார்ப்பது, செத்தவளைத் திரும்பக் கூப்பிடும் அளவுக்குப் பெரிய சந்தோஷமாக அவருக்குப் பட்டிருக்கிறது. பங்குனியில் அறுபத்துமூவர் அன்றைக்கு மாடவீதியைச் சுற்றி வந்தால் இதை இன்றும் பார்க்கலாம். மோர், பானகம், சாம்பார் சாதம், சுண்டல் என்று வழிநெடுக வைத்துக்கொண்டு, போகிற வருகிறவரை யார் எவர் என்று கேட்காமல் நிறுத்திக் கொடுப்பார்கள். வாங்கிச் சாப்பிடுகிறவர் முகத்தையும் பாருங்கள், கொடுக்கிறவர் முகத்தையும் பாருங்கள்.

ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதும் அல்ல இது. திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு, பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த இந்துக் குடும்பத்தார் நடத்தும் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பு பல பத்தாண்டுகளாகச் சமைத்துக் கொண்டுபோய்ப் பரிமாறுகிறது. சி.எஸ்.ஐ. சபைகளில் ஆராதனையின் நடுவே கொடுக்கும் அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் தமிழில் திருவிருந்து என்றே பெயர். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துக் கல்யாணங்களில் சஹன் வைப்பார்கள். ஒரே தாலத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைத்துச் சாப்பிடுவது. எனக்கு ஒரு தடவை அந்த வட்டத்தில் இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்த பெரியவர் தன் பக்கத்துக் கறித்துண்டை என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்.

பந்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். பந்தி என்பது பங்க்தி என்ற வடசொல்லிலிருந்து வந்தது, வரிசை என்று அர்த்தம். வரிசை என்று ஒன்று போட்டால் அதில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதும் கூடவே வந்துவிடுகிறது. நம் விருந்தின் சரித்திரத்தில் இந்த அழுக்கு இருக்கிறது, மறைப்பதற்கில்லை. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தது 1924, 25-ல் பெரிய சண்டையானது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றார்கள். இன்றைக்கு ஆகஸ்ட் 15 அன்றும் அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்றும் சென்னைக் கோயில்களில் அரசு சமபந்தி விருந்து நடத்துகிறது என்றால், சேர்ந்து உட்கார்வதே ஒரு காலத்தில் போராடி வாங்க வேண்டியதாக இருந்ததால்தான்.

நான் கண்ணால் பார்த்த ஒன்று. பன்னிரண்டு வருஷம் இருக்கும், நகரத்தில் ஒரு பெரிய மண்டபம், 21 வகை போட்ட கல்யாணம். முதல் பந்தி உட்கார்ந்தாயிற்று. நான் சாம்பார் வாளிக்குப் பின்னால் நிற்கிறேன். ஓரத்து இலையில், கல்யாணப் பெண்ணைச் சின்னக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்த வீட்டு வேலைக்கார அம்மா. புதுப் புடவை, மடிப்பு இன்னும் கலையவில்லை. இலையில் தண்ணீர் தெளித்து உப்பு வைத்தாயிற்று. ஓரத்தில் ஒரு கரண்டி பாயசம் விழுந்தாயிற்று. அந்த நேரத்தில் பெண் வீட்டைச் சேர்ந்த ஒருவர் வேகமாக வந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்கிறாங்க, நீ அடுத்த பந்தியில உக்காரு" என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார். அடுத்த பந்தியில் தேடினேன், இல்லை. தாம்பூலப் பை கொடுக்கிற இடத்திலும் இல்லை. உப்பு வைத்த இலையிலிருந்து ஆளை எழுப்பக் கூடாது என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். ஒப்பந்தக்காரன் குறுக்கே பேசக் கூடாது என்று நினைத்து அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அது தப்பு. அதற்கப்புறம் எந்தக் கல்யாணம் ஒத்துக்கொண்டாலும், முதல் பந்தியில் 10 இலை வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் வண்டி ஓட்டி வந்தவர்களுக்கும் என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் முன்பணம் வாங்கினேன். இரண்டு வீட்டார் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இரண்டு வேலையையும் விட்டுவிட்டேன்.

நிச்சயமில்லாத விஷயங்களும் இருக்கின்றன, பிரித்துச் சொல்கிறேன். வாழையிலையில் சாப்பிட்டால் இன்னின்ன நோய் போகும், பரிமாறும் வரிசையில் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது என்றெல்லாம் மண்டபத்திலேயே பலகை எழுதி வைக்கிறார்கள். அதற்கு ஆதாரம் என்று காட்டத்தக்க எதையும் நான் பார்த்ததில்லை. இலை சுத்தமானது, சூட்டில் மணக்கும், தூக்கிப் போட்டால் மண்ணோடு போகும், மாடும் தின்னும். அதோடு, இன்னொருவர் எச்சில் பட்ட தட்டைத் தொடக் கூடாது என்று நினைத்த சமூகத்துக்கு அது வசதியாகவும் இருந்தது. சுப காரியத்தில் இலையை நம் பக்கம் மடிப்பது, துக்கத்தில் எதிர்ப்பக்கம் மடிப்பது என்று பல வீடுகளில் இருக்கிறது. வேறு மாதிரி மடிக்கிற வீடுகளிலும் நான் பரிமாறியிருக்கிறேன். ஆகவே இதைத் தமிழர் எல்லோருக்கும் பொதுவான சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பது வலது கையைப் பற்றியது, சாப்பிடும்போது முன்னால் போகும், அம்பு விடும்போது பின்னால் போகும் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. பழமொழி நேரே சொல்வதை மறைக்கப் பின்னால் செய்த விளக்கமாகத்தான் எனக்குப் படுகிறது.

மிச்சப் பணத்தை இல்லத்துக்குக் கொடுப்பது நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் அது விருந்துக்குப் பதில் ஆகாது. பசிக்குச் சோறு போடுவது வேறு தர்மம். வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்றால் அது பசிக்காக எரிகிறது. அங்கே வருகிறவரிடம் நமக்கு என்ன உறவு என்ற கேள்வியே கிடையாது. விருந்து உறவுக்காகப் போடுவது. இதைச் சாவு வீட்டில்தான் நன்றாகப் பார்க்கலாம். சாவு விழுந்த அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது, சம்பந்தி வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ சோறு வரும். காரியம் முடிந்த அன்று அதே வீட்டில் அடுப்பு மூட்டி, வடை பாயசத்தோடு இலை போட்டு, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாரும் பசி என்று வந்திருக்க மாட்டார்கள். இனி இந்த வீடு பழையபடி புழங்கட்டும் என்று சொல்ல வேறு வழி தெரியாமல் வந்து சாப்பிடுகிறார்கள். அன்றைக்குப் பரிமாறும்போது என் ஆட்களைச் சத்தம் போடாமல் பரிமாறச் சொல்வேன்.

சரி, விருந்து சின்னதானால் எது போகும்? எண்ணிக்கை குறைவதால் ஒன்றும் போகாது. பந்தி விசாரிப்பது போனால் எல்லாம் போகும். பந்தி விசாரிப்பது என்றால் வீட்டுக்காரர் இலைவரிசையில் நடந்து ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்பது. திருவல்லிக்கேணியில் ஒரு பழைய சத்திரத்தில் 120 இலைக் கல்யாணம் ஒன்று செய்தேன். கூட்டு, பொரியல், அப்பளம், ஒரு பாயசம், அவ்வளவுதான். பெண்ணின் அப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நெய்க் கிண்ணத்தோடு மூன்று பந்தியும் நடந்தார். "மாமா, உங்களுக்குச் சர்க்கரை, பாயசம் வேண்டாம், பொரியல் இன்னும் போடச் சொல்றேன்", "அத்தை, சாதம் குழைவா வேணுமா, உள்ளே தனியா எடுத்து வெச்சிருக்கு" என்று ஒவ்வொரு இலைக்கும் ஒரு பேச்சு. கடைசியில் பரிமாறினவர்களையும் பாத்திரம் கழுவினவர்களையும் உட்கார வைத்து அவரே சோறு போட்டார். மோப்பக் குழையும் அனிச்சம், முகம் திரிந்து பார்த்தாலே குழையும் விருந்து என்று வள்ளுவர் சொன்னதன் மறுபக்கத்தை அன்று கண்டேன். அந்த மனிதர் 800 பேரை அப்படி விசாரித்திருக்க முடியாது. 300-க்கு மேல் போனால் வீட்டுக்காரர் மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்கே நேரம் போய்விடுகிறது, பந்தி முழுக்கக் கூலிக்கு வந்தவர்கள் கையில் போய்விடுகிறது. இது என் அனுபவக் கணக்கு, எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை.

அப்பாவிடம் எண்ணிக்கையைப் பேசாதீர்கள், பெயர்களைப் பேசுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். யார் வீட்டில் அவர் கை நனைத்தார், யார் அவருக்குக் கஷ்ட காலத்தில் நின்றார், யாரை அழைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். 150-ல் நிற்காது, 800-ம் வராது. பஃபே வைத்தால் செலவு குறையும் என்று யாராவது சொன்னால், அங்கே விசாரிக்கிற ஆள் யார் என்று கேளுங்கள். வீணாவதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். வீணாவது பெரும்பாலும் ஆள் உட்காரும் முன்பே எல்லா வகையையும் இலையில் வைத்துவிடுவதால். ஆள் உட்கார்ந்த பிறகு, கேட்டு, கொஞ்சமாக வைத்து, இரண்டாம் தடவை வரச் சொல்லுங்கள், பாதி வீணடிப்பு நின்றுவிடும். 100 இலைக்கு 10 முதல் 12 கிலோ அரிசி போதும், அதற்கு மேல் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். வகையும் 12 போதும். தை மாதம் பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி, பரங்கி எல்லாம் கோயம்பேட்டில் புதுசாக வந்து இறங்கும். அதில் ஒரு குழம்பு வைக்கச் சொல்லுங்கள். கடைசிப் பந்தியில் பரிமாறினவர்கள் உட்காரும்போது நீங்களும் மாப்பிள்ளையும் கையில் கரண்டியோடு வாருங்கள். அந்த நேரம் சாம்பார் வாளி பாதியாகி இருக்கும், தூக்க முடியும்.